நாய் திடீரென்று நொண்டினால்...
(போனக்காட்டு லயத்துக்கும் நகரத்து அடுக்குமாடிக்கும் பொதுவான சில குறிப்புகள்)

நாய் வாய் திறந்து சொல்லாது. "இங்கே வலிக்கிறது, நேற்று சாயங்காலத்திலிருந்து வலிக்கிறது" என்று சொல்ல அதற்கு மொழி இல்லை. மூன்று காலில் நடந்து வந்து நம் முன்னே நிற்கும். அல்லது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு கூப்பிட்டாலும் வராது. அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தால் மறு காலைவிட இரண்டு மடங்கு வீங்கியிருக்கும். நம் வீடுகளில் அந்த நேரத்தில் நடப்பதெல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஒருவர் மஞ்சள் அரைப்பார், ஒருவர் தனக்கு மூட்டுவலிக்கு வாங்கிய மாத்திரையைத் தேடுவார், ஒருவர் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பார். இந்த மூன்றில் எது சரி, எது ஆபத்து என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகள் மலைப்பாதையிலும் காட்டோரப் பாதையிலும் கேங்மேன்களோடு நடந்த பழக்கத்தில் பாம்பு, அட்டை, உண்ணி, முள் ஆகிய நான்கையும் நன்றாக அறிவேன். கூடவே வந்த நாய்களையும் அறிவேன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். மருத்துவரிடம் போவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு மட்டுமே இக்குறிப்புகள்; மருத்துவருக்குப் பதிலாக அல்ல.

போனக்காடு ஏன்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் போனக்காடு. அகத்தியர்கூட மலைக்கு (1868 மீட்டர்) நடந்து ஏறுவோர் புறப்படும் இடம் இதுதான். சுற்றிலும் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016இல் யுனெஸ்கோ தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து கிள்ளவும் காடு வெட்டவும் வந்தவர்களில் பெரும்பாலோர் தென்தமிழகத்திலிருந்து மலை ஏறிய நம்மவர். தொழிற்சாலை ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. தோட்டம் நொடித்த பிறகும் போக இடமில்லாமல் லயங்களிலேயே தங்கிவிட்ட குடும்பங்கள் உண்டு. அங்குள்ள பழைய பங்களாவில் பேய் உலவுகிறது என்று கேமராவும் கையுமாக வருகிற இளைஞர் கூட்டம் பெரிது. பேயைத் தேடி வருகிறவர்கள், பக்கத்து லயத்தில் உயிரோடு இருப்பவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனால் நன்றாயிருக்கும்.

அந்த லயங்களில் நாய் அலங்காரப் பொருள் அல்ல. பின்பக்கம் காட்டுப்பன்றி வந்தால் முதலில் குரைப்பது அது. கரடியும் யானையும் காட்டெருமையும் உலவும் காட்டில், இருட்டில் கழிப்பறைக்குப் போகும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் துணை அதுதான். அப்படிப்பட்ட நாய் ஒரு மாலையில் காலை இழுத்துக்கொண்டு வந்தால் மிருகாசுபத்திரிக்கு மலை இறங்கியாக வேண்டும். பேருந்து எப்போதாவதுதான், ஜீப் பிடித்தால் கூலி அதிகம். எனவே, "இது இப்போதே இறங்க வேண்டிய வீக்கமா, நாளை வரை பொறுக்கலாமா?" என்ற கேள்வி அவர்களுக்கு நகரத்தில் இருக்கும் நம்மைவிடப் பெரிய கேள்வி. அவர்களுக்குப் பயன்படும் விடை நமக்கும் பயன்படும்.

முதலில் காலத்தைக் கேளுங்கள்

தண்டவாளத்தில் ஒரு கோளாறு தெரிந்தால், "எப்போதிலிருந்து?" என்பதே நாங்கள் கேட்கும் முதல் கேள்வி. நேற்றைய ரயில் நன்றாகப் போயிற்றா, ஒரு மாதமாகவே ஆட்டம் இருந்ததா என்பதைப் பொறுத்துக் காரணம் மாறும். நாயின் கால் வீக்கத்துக்கும் அதே கணக்குத்தான்.

சில நிமிடங்கள் முதல் சில மணி நேரத்துக்குள் வந்த வீக்கம்: பாம்புக்கடி, குளவி அல்லது தேனீக் கொட்டு, எலும்பு முறிவு, மூட்டு விலகல்.

ஒன்றிலிருந்து மூன்று நாளில் வளர்ந்த வீக்கம்: முள் குத்திச் சீழ் பிடித்தது, வேறு நாய் கடித்த காயம் உள்ளே அழுகியது, நகம் பிய்ந்தது.

வாரக்கணக்கில் மெல்ல வந்த வீக்கம்: மூட்டுத் தேய்மானம், யானைக்கால் வகைப் புழு, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு, வயதான பெரிய சாதி நாய்களில் எலும்புப் புற்று.

இரண்டாவது கேள்வி, "ஒரு காலா, இரண்டு காலா?" ஒரு காலில் மட்டும் என்றால் பெரும்பாலும் அந்தக் காலுக்கு நேர்ந்த விபத்து. இரண்டு பின்னங்கால்களும் சேர்ந்து வீங்கினால் கோளாறு உடம்புக்குள் இருக்கலாம். காலுக்கு மருந்து தடவிப் பயனில்லை.

மூன்றாவது கேள்வி, "நாய் எப்படி இருக்கிறது?" கால் வீங்கியிருந்தாலும் வாலாட்டிச் சோறு தின்கிற நாய் வேறு, வீக்கம் சிறிதாக இருந்தும் எச்சில் ஒழுகத் துவண்டு கிடக்கிற நாய் வேறு. இரண்டாவது நாய்தான் அவசரம்.

தொடுவதற்கு முன்

வலியில் இருக்கும் நாய் எஜமானரையும் கடிக்கும். அது நன்றி கெட்டதனம் அல்ல; வலியின் இயல்பு. ஒரு நீளமான துணிப்பட்டையால் மூக்குக்கு மேலே ஒரு சுற்றுப் போட்டு, தாடைக்குக் கீழே குறுக்கே எடுத்து, காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால் தற்காலிக வாய்க்கட்டு ஆகிவிடும். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், முகம் வீங்கிய நாய்க்கும் வாய்க்கட்டுப் போடவே கூடாது.

இன்னொன்று முக்கியம். தடுப்பூசி போடாத நாய் காரணம் தெரியாமல் பின்னங்கால் தளர்ந்து நடந்தால், குரல் மாறினால், எச்சில் ஒழுகினால், விழுங்க முடியாமல் தவித்தால் அது வெறிநோயாகவும் இருக்கலாம். வாய்க்குள் கையை விட்டு எலும்பு சிக்கியிருக்கிறதா என்று தேட வேண்டாம். கடித்தாலோ, எச்சில் காயத்தில் பட்டாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி தொடங்க வேண்டும். வெறிநோய் வெளிப்பட்ட பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை என்பதை நாம் அறிவோம்.

கீழிருந்து மேலே பாருங்கள்

கீமேன் தினமும் தண்டவாளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை விடாமல் பார்த்து வருவார். நடுவில் நடுவில் தாவமாட்டார். காலையும் அப்படியே பார்க்க வேண்டும். பாதத்தின் மெத்தை, விரல் இடுக்கு, நகம், உள்பக்கம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகம், கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று வரிசையாகப் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் மறு காலோடு ஒப்பிடுங்கள். ஆண்டவன் அளவுகோலையும் பக்கத்திலேயே கொடுத்திருக்கிறான்; நல்ல கால்தான் அளவுகோல்.

விரல் இடுக்கில் முள், கண்ணாடித் துண்டு, உண்ணி, அட்டை இருக்கலாம். மேலே தெரிகிற முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். ஆழமாக இறங்கியதைத் தோண்ட வேண்டாம். உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடி நெருப்பால் சுடுவதும் கூடாது. அட்டை விட்ட இடத்தில் ரத்தம் சிறிது நேரம் கசியும். கழுவிச் சுத்தத் துணியால் அழுத்தினால் நிற்கும்.

மயிருக்குள் ஏதாவது இறுகிக் கிடக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டாக மாட்டிவிட்ட ரப்பர் வளையமோ, சிக்கிய மீன்வலை நூலோ மயிரில் மறைந்து சதையை அறுத்துக்கொண்டிருக்கும். வளையத்துக்கு மேலே கால் சாதாரணமாகவும் கீழே மட்டும் உப்பியும் இருந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கால் ஒரு கோணத்தில் தொங்கினால் எலும்பு முறிவு. நீங்களே குச்சி வைத்துக் கட்ட முயல வேண்டாம். முறிந்த முனை உள்ளே குத்தும். பலகையிலோ, இருவர் இழுத்துப் பிடித்த சாக்கிலோ படுக்க வைத்துக் கொண்டுபோங்கள்.

வீக்கமே இல்லாமல் பின்னங்காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். பொமரேனியன் போன்ற சிறு நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகுவதும் உண்டு. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடி விளையாடும் அடுக்குமாடி நாய்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாய் நடமாடும் இடத்தில் ஒரு பழைய சமுக்காளம் விரித்தால் போதும்.

பாம்பு: எப்போது சந்தேகிப்பது?

பாம்பை நேரில் பார்த்திருந்தால் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டோம். நாய் எதையும் முகர்ந்தும் முன்னங்காலால் கிளறியும் பார்ப்பதால் மூக்கிலும் முகத்திலும் முன்னங்காலிலும்தான் கடி அதிகம். பற்குறி மயிரில் மறைந்துவிடும். ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும், தெரியாமலும் போகும். அந்தி நேரத்தில் அல்லது இரவில் வெளியே போய் வந்த நாய்க்கு, கண் பார்த்திருக்கும்போதே வீக்கம் மேலே ஏறினால், தொட்டால் கத்தினால், தோல் நீலம் பாய்ந்தால், கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்தால் அது விரியன் வகையின் வேலை என்றே கொண்டு புறப்பட வேண்டும்.

இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கு எதிரானது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியன் (இங்கே அணலி என்பார்கள்) கடித்தால் வீக்கமும் ரத்தப்போக்கும் வரும், சிறுநீரகமும் கெடும். நல்ல பாம்பு கடித்தால் வீக்கத்தோடு நரம்புத் தளர்ச்சி வரும். கட்டு விரியனோ வீக்கமே காட்டாமல் மூச்சை நிறுத்திவிடும். ஆகையால் "வீங்கவில்லை, பாம்பாக இருக்காது" என்று சமாதானம் செய்துகொள்ளக் கூடாது.

கேரளத்தின் ஐந்தாவது பாம்பு

இந்த மலைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. சருகுக்குள் சருகாகக் கிடக்கும் குட்டையான ஒரு குழிவிரியன். தலை முக்கோணம், மூக்கு நுனி சற்றுத் தூக்கியிருக்கும். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் உள்ளது. இலங்கையில் பாம்புக்கடிகளில் பெரும்பங்கு இதன் குடும்பத்தினுடையதே. வெகுகாலம் இது உயிருக்கு ஆபத்தில்லாத பாம்பு என்றே இந்தியாவில் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்றியது கேரளம். அங்கமாலி லிட்டில் ஃப்ளவர் மருத்துவமனை மருத்துவர் ஜோசப் கே. ஜோசப்பும் அவருடன் இணைந்து ஆய்ந்தவர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இந்தப் பாம்பின் கடியால் மனிதருக்கு ரத்தம் உறையாமை, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை வருவதை இந்தியாவில் முதன்முதலாக உறுதி செய்தது. இதைச் சுருட்டை விரியன் என்று தவறாக அடையாளம் கண்டு விஷமுறிவு மருந்து கொடுத்தும் பயன் இல்லாமல் போயிருக்கிறது. ஏனெனில் நான்கு பாம்பு மருந்தில் இந்த ஐந்தாவது பாம்புக்கு எதிரான சத்து இல்லை. பூட்டு வேறு, சாவி வேறு.

நாய்க்கும் இதே நிலைதான். மனிதருக்குக் கொடுக்கும் அதே குப்பிதான் நாய்க்கும் கொடுக்கப்படுகிறது. கடித்தது குழிவிரியன் என்றால் அந்தக் குப்பி உதவாது. சொட்டு மருந்து, வலி தணிப்பு, சிறுநீரகக் கண்காணிப்பு, காயப் பராமரிப்பு ஆகியவையே உயிர் காக்கும். கடித்தது எது என்று தெரிந்தால் மருத்துவருக்கு எவ்வளவு உதவி என்று எண்ணிப் பாருங்கள். அதற்காகப் பாம்பைத் துரத்தவோ அடிக்கவோ வேண்டாம். தூரத்திலிருந்து கைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் வனத்துறை 2020இல் கொண்டுவந்த "சர்ப்பா" கைபேசிச் செயலி மூலம் பயிற்சி பெற்ற பாம்பு மீட்பாளரை அழைக்கலாம்.

ஒரு லயத்து நாயின் கதை

போனக்காட்டில் எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்து நாய்க்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மழை விட்ட ஒரு மாலையில் விறகு அடுக்கின் பக்கமிருந்து முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு வந்தது. பாம்பை யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டு அம்மாள் கொழுந்து கிள்ளி ஓய்ந்தவர், பள்ளிப்படிப்புக் குறைவு. ஆனால் அவர் செய்ததை எந்தப் பொறியாளரும் பாராட்டுவார். வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேரனின் பால்பாயிண்ட் பேனாவால் மயிர் குறைந்த உள்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மணி பார்த்துவைத்தார். அரை மணி கழித்து வீக்கம் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. "இது முள் இல்லை" என்று முடிவு செய்துவிட்டார். கயிறு கட்டவில்லை, கீறவில்லை. நாயை நடக்கவிடாமல் சாக்கில் படுக்க வைத்து, நாலு வீட்டில் காசு சேர்த்து ஜீப் பிடித்து இறங்கிவிட்டார்கள்.

மருத்துவர் ரத்தம் எடுத்துச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு 20 நிமிடம் அசையாமல் வைத்தார். பிறகு சாய்த்துப் பார்த்தால் ரத்தம் தண்ணீர்போல ஓடியது. உறைந்திருக்க வேண்டும், உறையவில்லை. அணலியாக இருக்கலாம் என்பதால் விஷமுறிவு மருந்து கொடுத்தார். குழிவிரியனாக இருந்தால் இது பலிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, சொட்டு மருந்தும் சிறுநீர்க் கவனிப்புமாக வைத்துக்கொண்டார். கடித்தது எது என்று கடைசிவரை தெரியவில்லை. நாய் பிழைத்தது. காலில் ஒரு தோல் வட்டம் கழன்று ஆறப் பல வாரம் ஆயிற்று.

அந்தக் கண்ணாடிக் குழாய் சோதனை மனிதர்களுக்கும் செய்கிற சோதனைதான். பெரிய இயந்திரம் வேண்டாம். கண்ணாடியாக இருக்க வேண்டும், அவ்வளவே. கண்ணாடிப் பரப்பு பட்டால்தான் ரத்தம் உறையத் தூண்டப்படும். பிளாஸ்டிக் குழாய் ஏமாற்றிவிடும்.

செய்ய வேண்டியவை

1. நாயை நடக்க விடாதீர்கள். தசை அசைய அசைய விஷம் பரவும். தூக்கிக்கொண்டு போங்கள்.
2. கழுத்துப் பட்டையையும் காலில் கட்டிய எதையும் கழற்றுங்கள். வீக்கம் ஏறினால் அதுவே சுருக்காகும்.
3. வீக்கத்தின் எல்லையில் பேனாக் கோடு, பக்கத்தில் நேரம்.
4. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி விட்டால் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்தோ, நீலமாகவோ, சிறு ரத்தப் புள்ளிகளோடோ இருந்தால் அவசரம்.
5. மூச்சை எண்ணுங்கள். ஓய்ந்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. நம் அளவை வைத்து "காய்ச்சல்" என்று பயப்பட வேண்டாம்.
6. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.
7. புறப்படும் முன்பே ஆசுபத்திரிக்குப் போன் செய்து விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். நடமாடும் கால்நடை வண்டிக்கு 1962 என்ற எண் உண்டு. எல்லா இடத்துக்கும் எல்லா நேரமும் வண்டி கிடைக்காது, ஆகவே அதற்காகக் காத்திருந்து நேரம் போக்காமல் மாற்று ஏற்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

1. கயிறு இறுக்கிக் கட்டுவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். இறுக்கிக் கட்டினால் விஷம் ஓரிடத்தில் தேங்கிச் சதை அழுகும்.
2. நம் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியவை. ரத்தம் உறையாத நாய்க்கு இன்னும் மோசம். பாராசிட்டமாலும் அளவு தப்பினால் நஞ்சு. கழுகுகள் அழிவதைத் தடுக்க, கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதையே இந்திய அரசு 2006இல் தடை செய்தது. கிழக்கே மருந்து, மேற்கே நஞ்சு என்பது இதுதான்.
3. சின்ன வெங்காயச் சாறு, பூண்டுச் சாறு புகட்டும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை. துவண்டு கிடக்கும் நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயமும் உண்டு.
4. காரணம் தெரியாத புது வீக்கத்துக்குச் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது. சீழையும் விஷத்தையும் பரப்பும்; முறிந்த எலும்பை அசைக்கும்.

நம் பெரியவர்களின் பச்சிலை ஞானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆறுகிற புண்ணுக்கு அது துணை வரலாம். ஓடுகிற விஷத்துக்கு நேரம்தான் மருந்து; அந்த நேரத்தை நாம் அரைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

குப்பிக்குள் இருப்பது யார் உழைப்பு?

விஷமுறிவு மருந்தைப் பற்றி நாம் பெருமைப்பட ஒரு செய்தி உண்டு. விலங்கின் உடம்பில் சிறிது சிறிதாக விஷத்தைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ச்சத்தைப் பிரித்தெடுப்பது இதன் அடிப்படை. பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர்ட் கால்மெட் 1890களில் இதற்கு வழிகாட்டினார். இந்தியாவில் குதிரைகளைக் கொண்டு இது தயாராகிறது. அதற்கு வேண்டிய விஷத்தைப் பெருமளவு தருபவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். அவர்கள் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு மறுபடி விட்டுவிடுகிறார்கள். இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. போனக்காட்டு நாய்க்கு ஏறும் குப்பியில் ஒரு தமிழ்ப் பழங்குடியின் கைத்திறமை இருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்க மனம் நிறைகிறது.

இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. "நாய் சின்னது, மருந்தும் கொஞ்சம் போதும்" என்று சிலர் சொல்வார்கள். தவறு. பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விஷம் விடுவதில்லை. முறிக்க வேண்டியது விஷத்தை. ஆகவே மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்ததல்ல. சிறிய உடம்பில் அதே விஷம் என்றால் ஆபத்துத்தான் கூடும். மருந்தே ஒவ்வாமை உண்டாக்கக் கூடியது என்பதால் மருத்துவர் மட்டுமே ஏற்ற வேண்டும்.

மெல்ல வரும் வீக்கம்

பாம்பைப் பற்றி இவ்வளவு சொன்னதால் மற்றவற்றை மறக்க வேண்டாம். உண்ணி பரப்பும் ரத்தக் காய்ச்சலிலும் கால் வீங்கும், நொண்டும். கூடவே சோறு குறையும், ஈறு வெளுக்கும். கேரளத்து நாய்களின் ரத்தத்தில் யானைக்கால் இனத்துப் புழுக்களின் குஞ்சுகள் காணப்பட்டிருக்கின்றன. அவற்றாலும் கால்கள் உப்பலாம். சேர்த்தலை வட்டாரம் ஒரு காலத்தில் மனிதர் யானைக்கால் நோய்க்குப் பெயர் பெற்றிருந்தது. அங்கே குளத்து ஆகாயத்தாமரையின் வேரைப் பற்றி வளரும் கொசுவே அதைப் பரப்பியது. நாயின் ரத்தத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தப் புழு தெரியக்கூடும். செலவு பெரிதல்ல.

7 வயது கடந்த பெரிய சாதி நாய்க்கு மணிக்கட்டுக்கு மேலோ தோள்பட்டைக்கு அருகிலோ கல்லைப் போன்ற வீக்கம் எழும்பி, ஓய்வு கொடுத்தும் நொண்டல் போகாவிட்டால் எக்ஸ்ரே எடுக்கத் தயங்காதீர்கள். எலும்புப் புற்றை "வாதம்" என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் தடவுவது நாய்க்கு நாம் செய்யும் கொடுமை.

வருமுன் காப்போம்

விறகும் ஓடும் செங்கலும் வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்க வேண்டாம். சிந்திய தானியத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இரவில் நாயை வெளியே விடும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். வாரம் ஒரு முறை நான்கு பாதத்தையும் விரித்துப் பாருங்கள். நாய் நன்றாயிருக்கும்போது பழக்கினால்தான் வலிக்கும்போது காலைத் தரும்.

நம் சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் சபரிமலைக்கும் பொன்முடிக்கும் போகிறோம். அகத்தியர்கூடத்துக்குப் போகும் இளைஞர்களும் இருக்கிறார்கள். மலையில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாள் நாய்களுக்கான தடுப்பூசி முகாம் ஒன்றைக் கால்நடைத் துறையின் துணையோடு நடத்தினால் என்ன? ஊசி நாய்க்குத்தான், காவல் அந்த வீட்டுக் குழந்தைக்கு. கூடவே, பக்கத்து மிருகாசுபத்திரியின் தொலைபேசி எண்ணையும் ஜீப் ஓட்டுநரின் எண்ணையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒவ்வொரு லயத்துச் சுவரிலும் ஒட்டிவிட்டு வரலாம். ஒரு தாளும் கொஞ்சம் பசையும்தான் செலவு. தங்கள் வீட்டில் நாய் இருப்பவர்கள் இன்றைக்கே அந்த எண்ணைத் தேடிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். வீக்கம் தெரிந்த பிறகு எண்ணைத் தேட நேரம் இருக்காது.